இட்லி குண்டானும் சங்கச் செயலாளரும்

திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில், கடலுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது ஓடக்கரைக் குப்பம். அங்கே கரையேற்றி வைத்த படகுகளிலிருந்து சாமான்கள் காணாமல்போக ஆரம்பித்தன. முதலில் டீசல் கேன்கள் போயின. பிறகு வலைகள். அப்புறம் ஒருநாள், மீனவர் சங்கச் செயலாளர் ரகுபதியின் படகு இன்ஜினிலிருந்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியையே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தவர்களின் வலை போனபோது நிதானமாக இருக்கச் சொன்ன ரகுபதி, தன் விசிறி போன அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

ரகுபதிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடலில் கத்திக் கத்திப் பழகிய குரல். மைக் கையில் கிடைத்தால் அவ்வளவு சுலபத்தில் திருப்பிக் கொடுக்க மாட்டான். இன்ஸ்பெக்டர் மோகனப்ரியா பொறுமைசாலி. வாரம் தவறாமல் வந்து நின்று "கரைக்குக் கேமரா வைங்க மேடம்" என்று அவன் சொல்வதை எழுதிக்கொண்டு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புவாள். கடைசியில் ஒரு கம்பெனி, சோதனைக்காகச் சும்மாவே வைத்துத் தருகிறோம் என்று முன்வந்தது. கம்பத்துக்குக் கம்பம் கேமரா. கூடவே ஒரு ரோபோ.

ரோபோ இடுப்பளவு உயரம். வெள்ளை நிறம், உருண்டை வயிறு, மேலே மூடி போட்டதுபோல ஒரு தலை, அந்த மூடிக்குள் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கேமரா. கம்பெனி அதற்குத் 'தோழன்' என்று பெயர் வைத்திருந்தது. மீன் விற்கும் பெண்கள் முதல் பார்வையிலேயே 'இட்லி குண்டான்' என்றார்கள். அதற்குப் பிறகு போலீஸ்காரர்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கரையோரச் சாலையில் மேலும் கீழும் உருண்டுகொண்டு, "வணக்கம், நான் தோழன். உங்கள் பாதுகாப்பே என் கடமை" என்று அது நியூஸ் வாசிப்பதுபோலச் சொல்லும். இரண்டு நாள் துரத்திக் குரைத்த நாய்கள், மூன்றாம் நாள் அதன் நிழலில் படுத்துக்கொண்டன. ரகுபதியின் மனைவி கன்னியம்மா அந்தச் சாலையில்தான் எறாவும் நெத்திலியும் விற்கிறாள். "தெனமும் வணக்கம் வெக்கிறியே, ஒரு கூறாவது வாங்குனியா?" என்று அதை ஒருநாள் கேட்டாள். "மன்னிக்கவும், தங்கள் கேள்வி புரியவில்லை" என்றது குண்டான். "வாங்காதவன் எல்லாம் இத்தத்தான் சொல்றான்" என்றாள் கன்னியம்மா.

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. சண்டையாக மாறியது மஜீதின் கடையில்.

தண்டையார்ப்பேட்டைக்காரனான மஜீது குப்பத்துக்குப் பக்கத்தில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தான். அவனும் ரகுபதியும் இளவட்டங்களாக இருந்த காலத்திலிருந்தே தோஸ்துகள். சாயங்கால டீ அந்தக் கடை வாசலில்தான்.

"தப்பு பண்ணாதவனுக்கு இன்னா மாமு பயம்?" என்பான் ரகுபதி. அந்த வாக்கியம் அவனுக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. ஒரு டிவிக்காரன் வந்து கேட்டபோதும் அதைத்தான் சொன்னான். டிவியில் தன் தலைமுடி அழகாகத் தெரிந்ததாகவும் அவனுக்கு ஒரு எண்ணம்.

"தப்பு பண்ணாதவனுக்குத்தான் பயம் மாமு. பண்றவன் மூஞ்சிய மூடிகினு வந்துடுவான்" என்பான் மஜீது. "உனுக்கு இன்னா, நீ சங்கத்து ஆளு. என் தாடிய அந்த மிசினு எவன் தாடின்னு நெனைச்சிக்குமோ. அப்பால நான் ஸ்டேஷன்ல குந்திகினு, சார் இது அந்தத் தாடி இல்ல, வேற தாடின்னு சொல்லிகினு கெடக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சொன்ன பிறகு, ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த நைலான் கயிற்றைப் பிரித்து மறுபடி சுற்றினான்.

குப்பமும் இரண்டாகப் பிரிந்தது. குண்டான் வந்ததிலிருந்து சாலையில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சில பெண்களுக்குச் சந்தோஷம். வேறு சிலர், "கடல்ல கால நனைச்சிட்டு ஈரப் பொடவையோட வர்றோம், அத்தையும் புடிச்சி வெக்குதா? அத்த யாரு பாக்குறாங்க?" என்று கேட்டார்கள். நிரந்தரமாக வைப்பதா வேண்டாமா என்று மேலிடத்துக்கு எழுதுவதற்கு முன்னால் ஜனங்களைக் கேட்டுவிடுவது நல்லது என்று நினைத்த மோகனப்ரியா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டாள்.

கூடம் நிறைந்துவிட்டது. கம்பெனியிலிருந்து உதயா என்ற இன்ஜினியர் வந்து பெரிய திரையைக் கட்டி வைத்திருந்தான். ஒரு மூலையில் குண்டான் சார்ஜ் போட்டபடி நின்றது. முதல் வரிசையில் ரகுபதி, பெண்கள் பக்கத்தில் கன்னியம்மா, கதவோரமாக மஜீது.

முதல் கேள்வியே ஒரு படகுக்காரனிடமிருந்து வந்தது. "திருடன் ஆப்ட்டானா?"

"பதிவுல இருக்காருங்க" என்றான் உதயா. திரையில் ஒருவன் படகுப் பக்கம் குனிந்து நின்றான். தலை முதல் தாடை வரை துண்டு சுற்றியிருந்தது. திருடன் மூஞ்சியை மூடிக்கொண்டுதான் வருவான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மஜீதைக் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மஜீது மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

உதயாவுக்கு இது பிடிக்கவில்லை. "இந்த சிஸ்டத்தோட உண்மையான பலமே வேறங்க. ஒரு முகத்தைக் கொடுத்தா, அவர் எங்கெல்லாம் போனார்னு நொடியில சொல்லிடும். தொலைஞ்சுபோன குழந்தையைக் கூடக் கண்டுபிடிக்கலாம். யாராவது ஒருத்தர் முன்வந்தீங்கன்னா காட்டறேன்."

மோகனப்ரியா, "அது இப்ப வேண்டாமே உதயா" என்றாள். அதற்குள் ரகுபதி எழுந்துவிட்டான். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, மைக்கையும் வாங்கிக்கொண்டான்.

"நான் வர்றேன் மேடம். என் மூஞ்சியப் போடுங்க. தப்பு பண்ணாதவனுக்கு இன்னா பயம்?"

கைதட்டல் எழுந்தது. உதயா அவனைப் படம் எடுத்து ஒரு பொத்தானைத் தட்டினான். திரையில் வரைபடம் விரிந்தது. அதில் சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. குப்பத்தில் புள்ளி, சங்க ஆபீஸில் புள்ளி, மஜீது கடையில் பெரிய புள்ளி. கூடம் சிரித்தது. ரகுபதியும் சிரித்தான். அடுத்து, விம்கோ நகரில் ஒரு புள்ளி வந்தது. அது எல்லாவற்றையும்விடப் பெரிதாக வீங்கியது.

"பாருங்க, தினமும் மத்தியானம் ஐயா விம்கோ நகர் போறார்" என்று உற்சாகமாகச் சொன்னான் உதயா.

இந்த இடத்தில் ரகுபதியின் வலது கால் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் அது பழுத்த மிளகாய்போலச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி வலித்தது. படகில் இடித்துக்கொண்டதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரிடம் போனான். யூரிக் ஆசிட் என்றார் டாக்டர். எறா, நண்டு, நெத்திலி, மத்தி, கருவாடு ஒன்றும் ஆகாது என்றார். கன்னியம்மா விற்பதும் சமைப்பதும் அவற்றைத்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இந்த மனுஷன் எறாத் தொக்கு சாப்பிட்ட அழகைப் பார்த்துத்தான் தலையாட்டினேன் என்று இன்றைக்கும் சொல்கிறவள் அவள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது? அதோடு, மீன் சாப்பிடாத மீனவர் சங்கச் செயலாளர் என்று ஆகிவிட்டால் அடுத்த தேர்தலில் எவன் ஓட்டுப் போடுவான்? ரகுபதி ஒருவரிடமும் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து விம்கோ நகர் போய், பட்டம்மாள் என்கிற அம்மாள் தன் வீட்டிலேயே நடத்தும் சைவ மெஸ்ஸில் ரசம் சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டு, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வயிறு சரியில்லை என்று தொக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தத் தெருவிலும் கேமரா இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. கரைக்கு வைத்த கேமரா கரையைத்தானே பார்க்கும் என்று நினைத்திருந்தான்.

"போதும் உதயா" என்றாள் மோகனப்ரியா. உதயாவின் விரல் அதற்கு முன்பே தட்டிவிட்டது.

திரையில் ஒரு வீட்டு வாசல். போர்டு எதுவும் தெரியவில்லை. ரகுபதி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறான். கதவு திறக்கிறது. பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் சிரித்த முகமாக 'வாங்க' என்பதுபோலக் கையைக் காட்டுகிறாள். ரகுபதி உள்ளே போகிறான். அடுத்த படம்: மறுநாள். அதே வாசல், அதே திரும்பிப் பார்த்தல், மஞ்சள் புடவை. அதற்கடுத்த நாள், ஊதாப் புடவை.

பின்வரிசையில் ஒரு கிழவர், "பலே" என்றார் மெதுவாக.

உதயா அவசரமாகத் திரையை அணைத்தான். ஆனால் அணைத்த திரையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா எழுந்து நின்றாள்.

"யாருய்யா அது?"

ரகுபதியின் கையில் இன்னும் மைக் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று பார்த்தான். உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் அவன் உடனே சொல்லவில்லை. கூடத்தில் இருந்த சில ஆண்கள் தன்னைப் பார்க்கும் பார்வையில் புதிதாக ஒரு மரியாதை தெரிவதை அவன் கவனித்திருந்தான். ஊதாப் புடவையா, தயிர் சாதமா, எது பெரிய அவமானம் என்று அந்த மனுஷன் நின்ற நின்றபடியே எடை போட்டுப் பார்த்தான். பிறகு கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் கோபமாக இல்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றாள்.

"மெஸ்ஸு அது, கன்னி" என்றான். மைக்கில் அது கணீரென்று விழுந்தது. "சைவ மெஸ்ஸு. தயிர் சோறு துன்றேன். எறா, நெத்திலி ஒன்னியும் துன்னக்கூடாதுன்னு டாக்டரு சொல்ட்டாரு. கால் வெரலு படகுல இடிக்கல."

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கூடம் இடிந்துவிழுகிறமாதிரி சிரித்தது. "சைவச் செயலாளரே" என்று ஒருவன் கூப்பிட்டான். மோகனப்ரியா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொள்வதுபோல மூடிக்கொண்டாள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: கன்னியம்மாவும் மஜீதும்.

கன்னியம்மா நேராக நடந்து வந்து புருஷன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். சிரிப்பு அடங்கியது.

"மேடம், உங்களாண்ட ஒன்னு கேக்கறேன். என் வூட்டுக்காரு தப்பு பண்ணாரா?"

"இல்லம்மா" என்றாள் மோகனப்ரியா.

"தப்பு பண்ணல. ஆனா இம்மாம் ஜனத்துக்கு முன்னால திருடனாட்டம் நின்னுகினு கீறாரு. நின்னாரா இல்லியா? அவுருக்கு ஒடம்பு சரியில்லன்னா மொதல்ல யாருக்குத் தெரியணும்? பொண்டாட்டி எனுக்குத் தெரியணும். அவுரு எங்கிட்ட சொல்லல, அத்த நான் வூட்ல வெச்சிக் கேட்டுக்கறேன்." ரகுபதி தலை குனிந்துகொண்டான். "எனுக்கே தெரியாதது அந்தக் குண்டானுக்குத் தெரிஞ்சிகீது. எனுக்கு முன்னாடி ஊருக்குத் தெரிஞ்சிபூட்ச்சி. அந்தப் பொம்பள யாரோ எவரோ, பாவம், அதுக்கும் தெரியாது தன் பொடவ கலர்லாம் இங்க ஓடிகினு கீதுன்னு. நாளைக்கி எந்த வூட்டுப் பொண்ணு எந்த டாக்டராண்ட போச்சின்னு இப்புடிப் படம் ஓட்டுவீங்களா?"

உதயா எழுந்து மன்னிப்புக் கேட்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. கதவோரத்திலிருந்து மஜீது கேட்டான்: "மேடம், நாங்க கேட்டது கரைக்குக் கேமரா. விம்கோ நகரு இதுல எப்டி வந்துச்சி?"

கம்பெனி வேறு இடங்களில் வைத்த கேமராக்களும் ஒன்றாக இணைக்கப்பட்டவை என்று உதயா தயங்கித் தயங்கிச் சொன்னான். அது மோகனப்ரியாவுக்கே புதிய செய்தி என்பது அவள் திரும்பிய வேகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு கூட்டம் உண்மையான கூட்டமாக நடந்தது. ஈரப் புடவைக் கேள்வி கேட்ட பெண்கள் எழுந்தார்கள். படங்களை யார் பார்ப்பது, எத்தனை நாள் வைப்பது, யார் கேட்டால் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. மோகனப்ரியா தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். அதற்காகவே ஜனங்களுக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

மேலிடத்திலிருந்து முடிவு வரச் சில வாரம் ஆனது. முகத்தை வைத்துத் தேடுகிற வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. விதிமுறை வந்த பிறகுதான் மற்றதெல்லாம். கேமரா கரைக்கு மட்டும். குண்டான் இருக்கலாம், ஆனால் பெண்கள் ஈரப் புடவையோடு கரையேறி வரும் நேரத்தில் அந்தப் பக்கம் போகக் கூடாது. இதையெல்லாம் கவனிக்கப் போலீஸோடு சேர்ந்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் என்றார்கள். சங்கம் மஜீதையும் கன்னியம்மாவையும் அனுப்பியது. ரகுபதியின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

வீட்டில் நடந்தது தனிக் கதை. இரண்டு நாள் கன்னியம்மா அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். ஏலத்தில் மீன் எடுப்பதுபோல ஒவ்வொரு மீனாகப் பெயர் சொல்லி, "இது ஆவாதா? சரி, வாரத்துல ஒரு துண்டு?" என்று பேரம் பேசி, கடைசியில் வஞ்சிரத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினாள். அப்படியே விம்கோ நகர் போய்ப் பட்டம்மாளிடம், படம் ஓடிய சங்கதியை எடுத்துச் சொன்னாள். பட்டம்மாள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "எந்தப் புடவைம்மா?" என்று கேட்டாள். "ஊதா நல்லா இருந்திச்சி" என்றாள் கன்னியம்மா. அங்கேயே உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டு, ரசப்பொடி பக்குவத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். அதிலிருந்து ரகுபதிக்கு வீட்டிலேயே ரசம்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு சாயங்காலம் மஜீதும் கன்னியம்மாவும் மாதாந்திரப் பார்வைக்காக ஸ்டேஷனில் கேமரா அறைக்குப் போனார்கள். ஒரு காவலர் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருந்தார். என்ன தெரியும் என்று கேட்டதற்கு, "பெரும்பாலும் நாய்தாம்மா" என்றார். கன்னியம்மா ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு திரையில், கரையோரம் வறுத்த மீன் விற்கும் தள்ளுவண்டி நின்றது. வண்டிக்கு முன்னால் துண்டு போட்ட ஒரு முதுகு தெரிந்தது.

"யப்பா, அத்தக் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றாள்.

காவலர் பெரிதாக்கினார். துண்டு போட்ட முதுகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது. கையில் தொன்னை. தொன்னைக்குள் சிவப்பாக, வளைவாக, சந்தேகத்துக்கே இடமில்லாத எறா.

மஜீது லேசாக இருமினான். கன்னியம்மா அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தாள். முகம் மட்டும் இன்னும் சரியாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் எத்தனை எறா என்றே எண்ணிவிடலாம்.

"போதும்பா, எடுத்துடு" என்றாள் காவலரிடம். "வேற எத்தனா காட்டு. நாய் கீதுன்னியே, அத்தக் காட்டு."

வெளியே வந்ததும் மஜீது, "தங்கச்சி, அது வேற யாரோ துண்டா இருக்கும்" என்றான்.

"ஆமாண்ணா. ஊர்ல துண்டுக்கா பஞ்சம்" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரகுபதி உட்கார்ந்தான். ரசத்தை ஊற்றினாள். அவனைக் கேட்க வேண்டும்போல அவளுக்கு நாக்கு அரித்தது. அப்பளத்தைப் பொரித்தாள், கூடையைக் கழுவினாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். ரகுபதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"கன்னி."

"இன்னா?"

"சாயங்காலம் கரைல... வண்டிக்காரன் வறுத்துகினு இருந்தான். வாசனை தாங்கல. ரெண்டு எறா துன்னுட்டேன்."

கன்னியம்மா கரண்டியை வைத்துவிட்டு, கண்ணை அகலமாக்கி, மோவாயில் கையை வைத்தாள்.

"அப்டியா? எங்க? எப்போ?" என்றாள்.

ரகுபதி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.